முன்னால் நடக்காதவர்

ஒன்பது வருடம் எங்கள் வளவுக்குள் போய்வந்த மனிதர் அவர். என் தங்கச்சியின் புருஷன். ஒரே ஒரு நாளைத் தவிர, அந்த ஒன்பது வருடத்தில் என் முற்றத்து மணலில் அவருடைய காலடி ஒன்றை நான் கண்டதில்லை.

பறந்தா வந்தார் என்று கேட்பீர்கள். நடந்துதான் வந்தார். ஆனால் மற்றவர்கள் வைத்த அடியில்தான் அவர் கால் வைப்பார். மீன்காரர் வந்து போயிருந்தால் மீன்காரரின் அடி, நான் கிணற்றடிக்குப் போயிருந்தால் என் அடி. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, பாதத்தின் முன்பக்கத்தை மட்டும் அந்த அடிகளுக்குள் ஊன்றி ஊன்றி வருவார். அவர் போன பிறகு பார்த்தால் அந்த அடிகள் முன்பக்கம் கொஞ்சம் ஆழமாகியிருக்கும். அவ்வளவுதான். ஆறடி உயரமான ஓர் ஆள் வந்து போனதற்கு வேறு அடையாளம் இராது.

எங்கள் ஊரான சாய்ந்தமருதுவில் பெண்பிள்ளைகளுக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். வாப்பா ஒரே வளவுக்குள் எனக்கு முன்னால் ஒரு வீடும் தங்கச்சிக்குப் பின்னால் ஒரு வீடும் கட்டித் தந்தார். பின்வீட்டுக்குப் போகிற எவரும் என் முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கோ முற்றம் கூட்டுவதில் ஒரு பைத்தியம். பின்நேரம் அசர் தொழுதுவிட்டு விளக்குமாற்றை எடுத்தால் பின்பக்கமாக நடந்து நடந்து என் காலடியையும் சேர்த்துக் கூட்டி அழித்துவிட்டுத்தான் படியேறுவேன். பிள்ளை குட்டி இல்லாத வீடு. கூட்டினால் மறுநாள் வரைக்கும் அப்படியே கிடக்கும்.

அப்படிக் கூட்டிய முற்றத்தைக் கண்டால் அவர் தெருவாசல் கடப்படியிலேயே நின்றுவிடுவார். கூப்பிடமாட்டார், இருமமாட்டார். ஒரு தடவை நான் யன்னலைத் திறந்தபோது அங்கே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வியர்வையில் சட்டை நனைந்திருந்தது.

"என்ன தம்பி, உள்ளுக்கு வாங்களன்" என்றேன்.

"ஆராவது ஒரு தடவை நடந்தா வந்திருவன் ராத்தா."

நான் இறங்கிக் கடப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். என் பின்னால் வந்தார். சத்தமே இல்லை. பின்னால் ஓர் ஆள் வருகிறார் என்று பிடரிதான் சொன்னது.

அவர் பட்டாளத்தில் மேஜர். மருதமுனையில் நெசவு வீட்டுப் பிள்ளை. மண்ணைக் கம்பியால் குத்திப் பார்த்து, புதைத்து வைத்த வெடிகளைத் தேடி எடுக்கிற பிரிவில் வேலை. "ஆமிக்காரனுக்கா புள்ளயக் குடுக்கப் போறாய்" என்று வாப்பாவிடம் ஊரே கேட்டது. வாப்பா அவரை ஒரு தடவை கண்டு கதைத்துவிட்டு வந்து, "பயம் இரிக்கிற மனிசன். பயம் இரிக்கிறவன் பெண்சாதிய ஒழுங்காப் பாப்பான்" என்று முடித்துவிட்டார்.

அந்தப் பயத்தைக் கலியாணத்தன்றே நாங்கள் கண்டோம். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை இறங்கினால் வாசலிலிருந்து படிவரைக்கும் வெள்ளைச் சீலை விரிப்பது வழக்கம். அவர் காலுக்கு முன் வேறு கால் அதில் படக்கூடாது. காலைக் கழுவியாயிற்று, பெண்கள் குரவை போட்டாயிற்று. மாப்பிள்ளை சீலையின் ஓரத்தில் நிற்கிறார், நகரவில்லை. இரண்டாம் தடவை குரவை போட்டார்கள். மூன்றாம் தடவை போட்டு, அது பாதியில் நின்றும் போனது. பொல்லடிக்காரர் கம்பை அடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர் சீலையைப் பார்த்தபடி மெல்லிய குரலில், "இதுக்குக் கீழ என்ன இரிக்கி எண்டு எனக்குத் தெரியாது. ஆராவது முன்னுக்குப் போங்க" என்றார்.

"மாப்பிள்ளைக்கு விரிச்சதில மத்தாள் மிதிக்கப்படாது தம்பி."

"மிதிச்சாத்தான் வருவன்."

வேறு வழியில்லாமல் நான் மிதித்தேன். என் சாச்சி ஒருத்தி வாயில் துணியை வைத்துக்கொண்டு, "வாற கால் வரமுந்தி இவள்ட கால் போகுது, அல்லாட காவல்" என்றாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவர் என் அடிகளிலேயே வந்து ஏறினார். முகம் வெளிறிப் போயிருந்தது.

பழகப் பழக அது எங்களுக்கு ஒரு பகிடியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைப் பின்நேரம் கடற்கரைக்குப் போனால் நான் வேண்டுமென்றே கோணல்மாணலாக நடப்பேன். தோணியைச் சுற்றுவேன், நண்டு வளையைத் தாண்டுவேன், வந்த வழியே பாதி திரும்புவேன். அவ்வளவையும் அவர் ஓர் அடி பிசகாமல் பின்னால் நடப்பார். தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அலை வந்து அடிகளை அழித்துவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். நான் போய்க் கூட்டி வர வேண்டும்.

"விசரா தம்பி உங்களுக்கு? இந்தக் கடற்கரையில ஊர்ச் சனம் முழுக்க நடக்குதே" என்று ஒருநாள் கேட்டேன்.

"நடந்த இடம் நமக்கு ராத்தா. நடக்காத இடம் அல்லாவுக்கு" என்றார்.

அவர் எப்போதும் சொல்கிற சொல் அது. சிரிக்காமல்தான் சொல்வார். சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்காமல் நம் காலைப் பார்ப்பார். அது எனக்குப் பிடிக்காது.

வாப்பா மவுத்தாகும்போது எங்கள் இருவருக்கும் சேர்த்து மேற்கே காட்டோரத்தில் ஒரு வயற்காணியை எழுதியிருந்தார். சண்டைக் காலத்தில் அங்கே ஒரு முகாம் இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. முகாம் எடுபட்டுச் சனம் போய்வரத் தொடங்கிய பிறகு நாங்களும் பார்க்கப் போனோம். தங்கச்சிக்கு அப்போது ஐந்து மாதம். அதற்கு முன்னால் மூன்று தடவை தங்காமல் போயிருந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டோவை நிழலில் விட்டுவிட்டு வருகிறேன் என்று பின்னுக்கு நின்றார். வரம்பில் நாங்கள் மூன்று பேர். முன்னால் இடுப்பளவுக்கு இலுக்குப் புல்.

அவர் ஒரு காலை எடுத்து வைக்கப் போனார். அப்படித்தான் எனக்குப் பட்டது. தங்கச்சி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் என்னவோ சொன்னாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவர் எடுத்த காலைத் திருப்பி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ராத்தா, நீங்க முன்னுக்குப் போங்க. அந்த மருத மரத்துக்கு நேரா."

"மேஜருக்கு ரோட்டுப் போட நான்தான் ஆள்" என்று சொல்லிக்கொண்டு புல்லை மிதித்து நடந்தேன். பழகிய பகிடிதானே.

பாதி வழியில் ஒரு குழி. பானை வைக்கிற அளவில் சதுரமாக வெட்டியிருந்தது. மழை பெய்து கரையாத புது வெட்டு.

"இது என்ன தம்பி?"

அவர் எனக்குப் பின்னால் பத்தடியில் நின்றார். "போன கிழமை வந்து பாத்தன் ராத்தா. ரெண்டு நாள் இருந்து பாத்தன். ஒண்டு இருந்தது. எடுத்துட்டன்."

"மத்த இடம்?"

"முழுக்கப் பாத்துட்டன்."

"முழுக்கப் பாத்த ஆள் என்னத்துக்கு என்னை முன்னுக்கு அனுப்பினீங்க?"

அவர் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உச்சியில் நெருப்பெடுத்தது. "எனக்கு உசிர் இல்லயா? நான் என்ன, உங்கட கம்பியா, குத்திப் பாக்க?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, திரும்பி வரும்போது நானும் நான் மிதித்த புல்லிலேயே கால் வைத்து வைத்துத்தான் வந்தேன். ஓட்டோவில் ஏறியதிலிருந்து அவரோடு கதைப்பதை விட்டேன்.

மூன்று வருடம் கதைக்கவில்லை. என் கொதி அதோடும் அடங்கவில்லை. அவர் லீவில் வருகிறார் என்று தெரிந்தால் அந்த நேரம் பார்த்து முற்றத்தைக் கூட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் கடப்படியில் நிற்பார். தங்கச்சிக்குத் தெரியவந்து அவள் நடந்து வந்து கூட்டிப் போகும்வரைக்கும் நிற்பார். ஒரு நாளாவது என்னைப் பற்றி அவர் குறை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

பிள்ளை பிறந்தது, பெண்பிள்ளை. அது தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த அடிகளுக்குள் பெருவிரலை மட்டும் ஊன்றி, கையை விரித்துச் சமன் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதைக்கலாம் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். அவர் சட்டென்று தலையைத் தூக்கி யன்னலைப் பார்த்தார். நான் சீலையை விட்டுவிட்டேன்.

ஆபிரிக்காவில் ஒரு பாலைவன நாட்டுக்குச் சமாதானப் படையோடு போக அவருக்குக் கட்டளை வந்தது. எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்கும் தூர இடங்களுக்கும் போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள். ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் செய்த குற்றத்தை, செய்யப்பட்டவர் பொருந்திக்கொள்ளாமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. அவர் தெரு முழுக்கக் கேட்டுவிட்டுக் கடைசியாக என் கடப்படிக்கு வந்தார். அசர் முடிந்து நான் அப்போதுதான் கூட்டியிருந்தேன். விளக்குமாறு கையில் இருக்கப் படியில் நின்றேன். நான் இறங்கவில்லை. வேண்டுமென்றுதான் இறங்கவில்லை.

அவர் செருப்பைக் கழற்றினார். ஒரு தடவை மூச்சை இழுத்தார். வெறும் மணலில் காலை வைத்தார். முழுப் பாதமும், குதிகாலும் சேர்த்து. பதினொரு அடி. ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடித் திறந்தார். படியண்டை வந்தபோது நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"ராத்தா, வயல்ல நடந்ததுக்கு என்னைப் பொருந்திக்கொள்ளுங்க."

"என்னத்துக்கு அப்படிச் செஞ்சீங்க எண்டு சொல்லுங்க. சொன்னா இப்பவே மாப்பு."

"அதச் சொல்ல ஏலாது ராத்தா."

"அப்ப வந்த பிறகு கதைப்பம்."

தலையை ஆட்டினார். திரும்பித் தன் அடிகளிலேயே கால் வைத்துப் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் இறங்கி அந்தப் பதினொரு அடியையும் கூட்டி அழித்தேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

ஏழு மாதம் கழித்து நடுப்பகல் லுஹர் நேரம் பின்வீட்டில் போன் அடித்தது. தங்கச்சியின் சத்தம் கேட்டு நான் ஓடினேன். வாகனங்கள் போகிற ஒரு தெருவை அவர் சோதித்து முடித்திருக்கிறார். பின்னால் நின்றவர்களை வரச்சொல்லிக் கையைக் காட்டியிருக்கிறார். தான் சோதித்து முடித்த நிலத்தில் தான் நின்ற இடத்திலேயே வெடித்திருக்கிறது.

அன்றே அவளை இத்தாவில் இருத்தினோம். புருஷன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து அறையோடு இருக்க வேண்டும். நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். மறுநாள் நல்ல உச்சி வெயில். கஞ்சிக் கோப்பையோடு முற்றத்தைத் தாண்டிப் போய் அவளிடம் கொடுத்துவிட்டு உடனே திரும்பினேன். வழியில் வேறு ஆள் இல்லை. திரும்பி வரும்போது, போனபோது நான் வைத்த அடிகளைக் கண்டேன். அவை ஆழமாக இருந்தன. குதிப்பக்கம் என் பாரத்துக்குப் பதிந்த மாதிரியே இருந்தது. முன்பக்கம் மட்டும் இரண்டு விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. பக்கத்தில் என் காலை வைத்து அழுத்திப் பார்த்தேன். எவ்வளவு அழுத்தியும் அந்த ஆழம் வரவில்லை.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "ஈர மண்தான்" என்றார். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். அன்றைக்குப் பிறகு அவர் முற்றத்தால் போவதை விட்டுவிட்டு வேலியோரமாகச் சுற்றிப் போகத் தொடங்கினார்.

நானும் சுற்றிப் பார்த்தேன். கிணற்றடியால் போனேன், மதிலோரமாகப் போனேன். எந்த வழியால் போனாலும் திரும்பும்போது அப்படித்தான். பிடரி குளிர்ந்து போகும், திரும்பிப் பார்த்தால் வெயில்தான். முற்றத்தைக் கூட்டுவதை விட்டேன். ஒருநாள் தாங்கமுடியாமல் நடுமுற்றத்தில் நின்று, "தம்பி, என்னத்தச் சொல்லச் சொல்லுறீங்க?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மனிசி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

பெட்டி வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது. கொடி போர்த்தி, ஆணியடித்து, முத்திரை வைத்த பெட்டி. குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தப் பள்ளியில் ஆட்கள் ஆயத்தமாக நின்றார்கள். திறக்கிற நிலையில் இல்லை என்று கூட வந்த அதிகாரி சொல்லிவிட்டார். தங்கச்சி அவர் முகத்தைக் காணவில்லை. பெட்டியோடுதான் மையவாடியில் அடக்கினார்கள். அவரோடு அங்கே வேலை செய்த ஒரு சிங்களச் சார்ஜன்ட், என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு தெரிந்த தமிழில் அழுதிருக்கிறார். "சேர் எப்பவும் முன்னுக்கு. நாங்க ஒரு ஆளும் அவருக்கு முன்னால கால் வைக்க விடமாட்டார். அம்மாட பிள்ளைகள் நீங்க, பின்னுக்கு வாங்க எண்டு சொல்லுவார்."

என் வீட்டுக்காரர் வந்து இதைச் சொன்னபோது எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அங்கே ஊரான் பிள்ளைக்கெல்லாம் முன்னால் நடந்த மனிதர், இங்கே என்னைத்தானே முன்னால் விட்டார். நானும் ஒரு அம்மாவின் பிள்ளைதானே.

"இமாம் கேட்டார், பொருந்திக்கொண்டீங்களா எண்டு. எல்லாரும் பொருந்திக்கிட்டம் எண்டு சொன்னம். நான் உனக்கும் சேத்துத்தான் சொன்னன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்கட பங்க நீங்க சொன்னீங்க. என்ட பங்கு என்னட்டத்தான் இரிக்கி" என்றேன். ஜனாஸாத் தொழுகையில் நிற்கிற ஆண்களிடம்தான் கேட்பார்கள். பெண்களிடம் எவர் வந்து கேட்கப் போகிறார்கள்?

மூன்றாம் மாதம் ஒரு பகல், சோறு கொண்டுபோய் வைத்தேன். பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி கோப்பையைத் தொடவில்லை.

"ராத்தா, நீங்க வரக்குள்ள பின்னால ஆரும் வாறாங்களா?"

அந்த அடிகளைப் பற்றி அவளுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"வாசல் வரைக்கும் ரெண்டு ஆள் நடக்கிற சத்தம் கேக்கும். உள்ளுக்கு நீங்க மட்டும் வருவீங்க" என்றாள். பிறகு, "நீங்க அவருக்கு மாப்புக் குடுக்கல்லதானே?" என்று கேட்டாள்.

"காரணத்தச் சொன்னாத் தாறன் எண்டன். சொல்லல்ல."

"சொல்லமாட்டார். அவர் எனக்கிட்டச் சத்தியம் பண்ணினது." அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அண்டைக்கு அவர்தான் முன்னுக்குப் போக வெளிக்கிட்டார். முழுக்கப் பாத்தன், ஆனா நூத்துக்கு நூறு எண்டு சொல்ல ஏலாது, நான்தான் போகணும் எண்டார். நான் விடல்ல. என்ட வயித்தில புள்ள இரிக்கி, உங்களுக்கு ஒண்டு நடந்தா இதுக்கு ஆரு எண்டு கேட்டன். ராத்தாவ அனுப்புங்க, ராத்தாவுக்குப் புள்ள குட்டி இல்லதானே எண்டு சொன்னன்."

வெளியே ஐஸ்கிரீம் வண்டியின் மணி அடித்துக்கொண்டு போனது. அது தெருமுனை தாண்டும்வரை நான் நின்றேன்.

"அவரப் பிடிச்சி வெச்சிராதீங்க ராத்தா. அவர் உங்கட முற்றத்துக்கு மாப்புக் கேட்டு வந்தது எனக்காகத்தான்."

நான் வாசலுக்கு வந்து நின்று, பார்க்க ஆள் இல்லாத அந்த முற்றத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். "தம்பி, நான் உங்களப் பொருந்திக்கிட்டன். இம்மையிலயும் பொருந்திக்கிட்டன், மறுமையிலயும் பொருந்திக்கிட்டன். அல்லாவும் உங்களப் பொருந்திக்கொள்ளட்டும்."

மறுநாள் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது மணலில் என் அடி என் பாரத்துக்குத்தான் பதிந்திருந்தது. முன்பக்கமும் குதிப்பக்கமும் ஒரே அளவு. அந்த இடத்திலேயே குந்திக்கொண்டு அழுதேன். அவர் மவுத்தாகிவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தங்கச்சி ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். "என்னை ராத்தா?" என்று மட்டும் கேட்பாள். நான் சோற்றை வைக்கிறேன், பிள்ளைக்குத் தலை சீவிவிடுகிறேன், பழைய கோப்பையை எடுத்துக்கொண்டு வருகிறேன். இத்தா முடிய இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. அந்த மனிதர் அவளுக்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பதினொரு அடி நடந்து வந்தார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளிடம் பொருந்திக்கிட்டன் என்று சொல்ல வாய் வருகுதில்லை.